தலையெழுத்தா? ஆள் எழுதின எழுத்தா?

சென்ற மாதம் ஒரு தோழரின் வீட்டுக் காரியமாக நாம் கங்கைகொண்ட சோழபுரம் போக நேர்ந்தது. 2025-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், ராஜேந்திரன் கடல் கடந்து படையெடுத்து ஆயிரம் வருஷம் ஆயிற்றென்று அவ்வூரில் பெரிய விழா நடத்தினதும், பிரதம மந்திரியே அதற்கு வந்து போனதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஆனால் நாம் இங்கு எழுத வந்தது அந்தக் கோவிலைப் பற்றியாவது, விழாவைப் பற்றியாவது அல்ல. கோவிலுக்குச் சற்றுத் தூரத்தில் தகரக் கொட்டகை ஒன்றில் இருக்கும் வங்கி முகவர் கடையில் நாம் கண்ட ஒரு சிறு காட்சியைப் பற்றியேயாகும்.

அந்தக் கடையில் ஒரு மேசை, ஒரு செல்போன், அதனோடு கம்பியால் இணைத்த ஒரு கைரேகைப் பெட்டி, இவ்வளவுதான் உண்டு. எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், தம் கணக்கில் வந்து சேர்ந்திருக்கும் முதியோர் உதவித்தொகையை எடுப்பதற்காக நின்றுகொண்டிருந்தார். முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை செய்து பிழைப்பவர். அந்தக் கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலை வேகவைத்துவிடும் என்பது அந்தப் பக்கத்தார் எல்லோருக்கும் தெரியும். அவருடைய விரல் நுனிகள் தேய்ந்த காசுபோல் வழுவழுவென்று இருந்தன. பெட்டியின் மேல் கட்டைவிரலை வைத்தார். செல்போனில் சிவப்பாக இங்கிலீஷில் ஒரு வரியும், பக்கத்தில் 300 என்ற ஓர் எண்ணும் வந்தன.

“எர்ரர் வருது ஆயா. நாளைக்கு வந்து பாரு” என்றான் கடைப் பையன்.

“நேத்தும் இதையேதான் சொன்னே தம்பி. முந்தா நாளும் சொன்னே. என்ன செய்யறது, என் தலையெழுத்து! அந்த மிஷினுக்கு என்னைப் புடிக்கலை” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் திரும்பினார்.

நாம் அந்தப் பையனைப் பார்த்து, “என்ன எர்ரர் தம்பி?” என்று கேட்டோம். “அது தெரியாதுங்க. எர்ரர்னு வரும். சில பேருக்கு வரும், சில பேருக்கு வராது” என்றான். அந்த வரியை நாம் படித்துப் பார்த்ததில், வைத்த விரலின் ரேகை பதிவிலுள்ள ரேகையோடு ஒத்துப்போகவில்லை என்பது மட்டுமே அதன் அர்த்தமாயிருந்தது. “அப்படியானால் வேறு விரலை வைத்துப் பார்க்கலாமே?” என்றோம். ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்ததில், இடது கைச் சுண்டுவிரலுக்கு இயந்திரம் இணங்கிற்று. பணம் வந்தது. அந்த அம்மாள் என்ன செய்தார் தெரியுமா? இரு கைகளையும் கூப்பி அந்தக் கைரேகைப் பெட்டியைக் கும்பிட்டார்!

பணம் அவருடையது. கணக்கு அவருடையது. விரலும் அவருடையது. கும்பிடு மாத்திரம் இயந்திரத்துக்கு! மூன்று நாள் கூலி போனதற்கும், வெயிலில் நடந்ததற்கும், தம் விரலே தம்மைக் காட்டிக்கொடுத்துவிட்டதென்று மனம் நொந்ததற்கும் காரணம் என்ன? “இந்த விரல் சரியாகப் பதியவில்லை, வேறு விரலை வையுங்கள்” என்ற ஐந்தாறு தமிழ்ச் சொற்கள் அந்தத் திரையில் இல்லாமற் போனதுதான். இதை அந்த அம்மாள் தலையெழுத்து என்றார். நாம் சொல்லுகிறோம், இது தலையெழுத்தல்ல. எங்கோ ஒரு கட்டடத்தில், சம்பளம் வாங்கிக்கொண்டு, ஒரு மனிதன் உட்கார்ந்து எழுதின எழுத்து. மனிதன் எழுதினதை மனிதன் திருத்தலாம். திருத்தும்படி கேட்கலாம். கேட்காமல் கும்பிடுவதுதான் கூடாது.

காரியம் ஆகவில்லை என்று கம்ப்யூட்டரும் செல்போனும் காட்டுகிற வாசகத்துக்குப் ‘பிழைச் செய்தி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிழை என்றால் யாருடைய பிழை? இதைத்தான் நாம் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. ஆதார் அட்டையோடு சரிபார்க்கும் வேலையில் மேற்சொன்ன 300 என்ற எண்ணுக்குக் கைரேகையோ, கண்ணோ ஒத்துப்போகவில்லை என்று பொருள். 330 என்று வந்தால், அட்டைக்கு உரியவரே தம் ரேகையைப் பிறர் பயன்படுத்தாதபடி பூட்டி வைத்திருக்கிறார் என்று பொருள். 998 என்று வந்தால், அடித்த ஆதார் எண் சரியில்லை, அல்லது பதிவில் இல்லை என்று பொருள். முதலாவதற்கு வேறு விரலை வைக்க வேண்டும். இரண்டாவதற்குப் பூட்டைத் திறக்க வேண்டும். மூன்றாவதற்கு எண்ணைத் திரும்பப் பார்த்து அடிக்க வேண்டும். மூன்று நோய்க்கும் மூன்று மருந்து. ஆனால் கடை வாசலில் நிற்கிறவருக்கு மூன்றும் ஒரே வார்த்தையாகத்தான் வந்து சேர்கின்றன: “ஆகலை, நாளைக்கு வா.”

மேலும் ஒரு சங்கதி. கைரேகை பார்ப்பது என்பது தராசில் எடை போடுவதுபோல் இவ்வளவுதான் என்று முடிந்துபோகிற காரியமல்ல. வைத்த ரேகைக்கும் பதிவிலுள்ள ரேகைக்கும் எவ்வளவு ஒற்றுமை இருக்கிறதென்று இயந்திரம் ஒரு மதிப்பெண் போடுகிறது. அந்த மதிப்பெண் ஒரு வரம்புக்கு மேலிருந்தால் “ஆம்”, கீழிருந்தால் “இல்லை.” விரல் தேய்ந்திருந்தாலும், ஈரமாயிருந்தாலும், கண்ணாடியில் அழுக்கிருந்தாலும் மதிப்பெண் குறையும். ஆகவே “ஒத்துப்போகவில்லை” என்பதற்கு “நீ அந்த ஆள் இல்லை” என்று ஒருநாளும் அர்த்தமாகாது. “எனக்குச் சரியாகத் தெரியவில்லை” என்று இயந்திரம் தன் இயலாமையைச் சொல்லுகிறது என்பதே அர்த்தம். அந்த இயலாமையை எளிய சொல்லில் ஒப்புக்கொள்ளாமல், மனிதன் பேரில் குற்றமாகத் திருப்பிவிடுவது என்ன நியாயம் என்று கேட்கிறோம். ரேகை ஒத்துப்போகவில்லை என்பதற்காக உரியவருக்கு ரேஷன் மறுக்கக் கூடாதென்று 2017-ஆம் வருஷம் அக்டோபரிலேயே மத்திய சர்க்கார் உத்தரவு போட்டிருக்கிறது. அந்த உத்தரவு காகிதத்தில் இருக்கிறது. திரையில் இருந்தாலல்லவா அரிசி வாங்கப் போகிறவருக்குத் தெரியும்?

இயந்திரம் மனிதனைக் குற்றவாளியாக்குவது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. விண்டோஸ் 95 என்ற மென்பொருள் வந்த காலத்தில், ஏதாவது ஒரு செயலி தன் கோளாறினால் நின்றுபோனால், “இந்தச் செயலி சட்டவிரோதமான செயலைச் செய்துவிட்டது, மூடப்படும்” என்ற அர்த்தத்தில் இங்கிலீஷில் ஒரு பெட்டி திரையில் வந்து நிற்கும். அந்தச் சொல்லுக்குக் கம்ப்யூட்டர்க்காரர்களின் பாஷையில் வேறு அர்த்தம். ஆனால் வீட்டில் உட்கார்ந்து கடிதம் அடித்துக்கொண்டிருந்தவருக்கு, தாம் என்ன குற்றம் செய்தோமோ, போலீஸ் வருமோ என்ற பயம்! செய்தவன் ஒருவன், நடுங்குகிறவன் இன்னொருவன். அமெரிக்காவில் பென் ஷ்னைடர்மன் என்ற பேராசிரியர், குற்றஞ்சாட்டுகிற தோரணையில் செய்தி எழுதக் கூடாதென்றும், என்ன செய்தால் சரியாகும் என்பதைச் சொல்ல வேண்டுமென்றும் 1982-லேயே எழுதிவிட்டார். ஜேக்கப் நீல்சன் என்பவர் 1994-இல் வகுத்த பத்து விதிகளில் ஒன்பதாவது, பிழைச் செய்தி சாதாரணப் பேச்சில் இருக்க வேண்டும், எண்ணும் குறியும் கூடாது, கோளாறு இன்னதென்று காட்டி வழியும் சொல்ல வேண்டும் என்பதாகும். நாற்பது வருஷத்துக்கு மேலாகத் தெரிந்த விஷயத்தை இன்னும் செய்யாமல் இருப்பதற்கு அறியாமை என்று பெயரல்ல; அலட்சியம் என்று பெயர்.

நம்முடைய பெயர் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். 1929-ஆம் வருஷம் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மகாநாட்டில் ஜாதிப் பட்டங்களை விட்டுவிடுவதென்று தீர்மானித்தோம். தமிழ்நாட்டில் இன்று பெயருக்குப் பின்னால் ஜாதி வால் இல்லாமல், தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு மட்டும் நடமாடுகிறவர்களே அதிகம். இதில் நாம் பெருமைப்படுகிறோம். இப்படிப்பட்ட ஒரு தமிழன், செல்போனிலோ கம்ப்யூட்டரிலோ ஒரு விண்ணப்பம் போட உட்காருகிறான். “கடைசிப் பெயர் கட்டாயம்” என்கிறது இயந்திரம். முதலெழுத்தைப் போடுகிறான். “ஓர் எழுத்துப் போதாது” என்கிறது. புள்ளி வைத்துப் போடுகிறான். “செல்லாத எழுத்து” என்கிறது. தகப்பனார் பெயரை முழுதாகப் போடுகிறான், போய்ச் சேருகிறது. ஆறு மாதம் கழித்து வேறோர் அலுவலகத்தில், “இரண்டு அட்டையிலும் பெயர் ஒத்துப்போகவில்லை” என்று இன்னொரு பிழைச் செய்தி! ஜாதிப் பட்டத்தை அறுத்தெறிந்தவன் பெயர் பிழையாம். அதை ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறவன் பெயர் சரியாம்! பிழை அவன் பெயரிலா இருக்கிறது? உலகத்தில் எல்லோருக்கும் தங்கள் ஊர் வழக்கப்படியே குடும்பப் பெயர் இருக்குமென்று நினைத்துக் கட்டம் போட்டவனுடைய மூளையில் இருக்கிறது. “உங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லையானால் இந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிடலாம்” என்று ஒரு வரி போட என்ன செலவாகும்?

இதெல்லாம் பணமும் நேரமும்தானே போகிறது என்று சிலர் நினைக்கலாம். உயிரும் போயிருக்கிறது. தெராக்-25 என்று ஓர் இயந்திரம் இருந்தது. புற்றுநோய்க்காரர்களுக்குக் கதிர்வீச்சு கொடுக்கிற இயந்திரம். கனடா சர்க்காருக்குச் சொந்தமான அணுசக்தி நிறுவனம் செய்தது. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு பேருக்கு அது அளவுக்கு மிஞ்சிய கதிரைப் பாய்ச்சிவிட்டது. 1986 மார்ச் மாதம் 21-ஆம் தேதி டெக்சாஸ் மாகாணத்தில் டைலர் என்ற ஊரில் நடந்ததைக் கேளுங்கள். இயந்திரத்தை ஓட்டினவர் ஓர் எழுத்தைத் தவறாக அடித்து, உடனே திருத்திவிட்டு, கதிரைச் செலுத்தினார். திரையில் “கோளாறு 54” என்று வந்தது. அவ்வளவுதான்! அளவு கூடிற்றா, குறைந்ததா, நோயாளிக்கு ஆபத்தா, நிறுத்த வேண்டுமா, ஒன்றும் இல்லை. கூட இருந்த விளக்கக் காகிதத்தைப் பார்த்தால், “கதிர் அளவு உள்ளீடு 2” என்று ஒரு வரி. யாருக்கு என்ன விளங்கும்? அந்த இயந்திரம் தினந்தோறும் இப்படி ஏதாவது ஓர் எண்ணைக் காட்டி நிற்பதும், ஒரு விசையை அமுக்கினால் மறுபடி ஓடுவதும் வழக்கமானதால், ஓட்டினவர் அந்த விசையை அமுக்கினார். உள்ளே படுத்திருந்த மனிதருக்கு முதல் தடவையிலேயே குறித்த அளவைப்போல் சுமார் 100 மடங்கு பாய்ந்திருந்தது; இரண்டாந் தடவையும் பாய்ந்தது. ஐந்து மாதத்தில் அவர் இறந்தார். மூன்று வாரம் கழித்து, அதே ஆஸ்பத்திரியில், அதே “கோளாறு 54”, இன்னொரு மனிதர். அவரும் இறந்தார்.

பிறகு விசாரித்ததில், அளவு மிகவும் கூடிவிட்டது அல்லது மிகவும் குறைந்துவிட்டது என்பதுதான் 54-இன் அர்த்தம் என்று வெளிவந்தது. “கதிர் அளவு தவறிவிட்டது, நோயாளியைப் பாருங்கள், மறுபடி செலுத்த வேண்டாம்” என்று அந்தத் திரை சொல்லியிருந்தால் எவ்வளவு காப்பாற்றியிருக்கலாம் என்று யோசியுங்கள். இதில் இன்னுமொன்று கவனிக்கத்தக்கது. இந்தக் கோளாறு எப்படி உண்டாகிறதென்று கண்டுபிடித்தவர்கள் அதைச் செய்த நிபுணர்கள் அல்ல. அவர்கள், அப்படி நடக்கவே முடியாதென்று சாதித்தார்கள். அந்த ஆஸ்பத்திரியின் பௌதிக சாஸ்திரியும், இயந்திரத்தை ஓட்டினவருமே மணிக்கணக்காக உட்கார்ந்து, தாம் அன்று என்னென்ன விசையை எப்படி அமுக்கினோம் என்று ஞாபகப்படுத்தித் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து அதை வெளிக்கொண்டு வந்தார்கள். படிக்காதவனுக்கு என்ன தெரியும் என்கிறவர்கள் இதைச் சற்று யோசிக்கட்டும். தினமும் தொட்டு ஓட்டுகிறவனுக்குத் தெரிவது, எழுதினவனுக்குத் தெரியாமற் போகும்.

இனி நம் ஊர்க் கடைவீதிக்கு வருவோம். இப்போது தேநீர்க்கடை முதல் உரக்கடை வரை செல்போனில் பணம் அனுப்புவது வழக்கமாகிவிட்டது. அதிலும் எண்கள் இருக்கின்றன. Z9 என்பதற்கு இசட் 9 என்று வாய் சொல்லுமே தவிர, கணக்கில் போதிய பணமில்லை என்று அர்த்தமாகுமென்று யாருக்குத் தெரியும்? இசட்எம் என்றால் ரகசிய எண் தவறு. யு30 என்றால் பணம் எடுக்கும் வேலை தவறிற்று. போதாக்குறைக்கு, இப்போது புதிதாக ஒரு மரியாதையான மோசடி வந்திருக்கிறது: “ஏதோ தவறு நடந்துவிட்டது. மீண்டும் முயற்சிக்கவும்.” எண்ணும் இல்லை, பயமுறுத்தலும் இல்லை, கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. ஆனால் பணம் போயிற்றா, இல்லையா? அதைச் சொல்லவில்லை. மீண்டும் முயற்சித்தால் இரண்டு தடவை போகுமா? அதையும் சொல்லவில்லை. முந்திரி விற்ற பணத்தை உரக்கடைக்கு அனுப்பின விவசாயி, கணக்கிலும் குறைந்து, கடைக்காரருக்கும் போய்ச் சேராமல், நடுவில் நின்று தவிக்கிறான்.

இந்த இடத்தில் அவனுக்கு உள்ள உரிமை என்ன? ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-ஆம் தேதியிட்ட உத்தரவில் இதைத் தெளிவாக வகுத்திருக்கிறது. ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு யுபிஐ மூலம் அனுப்பின பணம் கழிந்தும் போய்ச் சேரவில்லையானால் மறுநாளைக்குள் திரும்ப வந்துவிட வேண்டும். கடைக்காரருக்கு அனுப்பினது உறுதியாகவில்லையானாலும், ஏ.டி.எம்.-இல் கணக்குக் கழிந்து பணம் வெளியே வரவில்லையானாலும், ஆதார் கைரேகை வைத்து எடுக்கப் போய்த் தவறினாலும் 5 நாளைக்குள் வர வேண்டும். கெடு தாண்டினால் நாளொன்றுக்கு ரூ. 100 வீதம் நஷ்ட ஈடு, அதுவும் கேட்காமலே, வங்கி தானாகவே கணக்கில் வைக்க வேண்டும். இப்படி ஓர் உத்தரவு இருப்பது நம்மில் நூற்றில் எத்தனை பேருக்குத் தெரியும்? பணம் நின்றுபோன அந்த நிமிஷத்தில், அந்தத் திரையில், “உங்கள் பணம் கழிந்திருக்கிறது, கடைக்குப் போகவில்லை, 5 நாளைக்குள் திரும்ப வரும், வராவிட்டால் நாளுக்கு ரூ. 100 உங்களுக்குச் சேரும், மறுபடி அனுப்ப அவசரப்பட வேண்டாம்” என்று போட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெரிந்தால் கேட்பார்கள். கேட்டால் கொடுக்க வேண்டும். ஆகவே “ஏதோ தவறு” என்ற வாசகத்தில் எழுதினவனுடைய சோம்பல் மட்டுமே இருக்கிறதென்று நம்மால் நம்ப முடியவில்லை.

புரியாத பாஷை இருக்கிற இடத்தில் தரகன் முளைப்பான். மந்திரம் புரிந்துவிட்டால் புரோகிதருக்கு வேலையேது என்பதை நமது வாசகர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. அதைப்போலவே, “நான் முடித்துத் தருகிறேன், இருநூறு ரூபாய் கொடு” என்று ரகசிய எண்ணையும் செல்போனையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுகிற ஆசாமிகள் தாலூகா ஆபீசு வாசலெங்கும் நிற்கிறார்கள். அவர்களில் நாணயமானவர்களும் உண்டு. ஆனால் ஒரு மனிதன் தன் சொந்தப் பணத்துக்கும் சொந்தப் பட்டாவுக்கும் இன்னொருவன் நாணயத்தை நம்பி நிற்க வேண்டும் என்பதே சுயமரியாதைக்கு இழுக்கு என்கிறோம்.

இதற்கு எப்படி இவ்வளவு பேர் உடந்தையாகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம். கிழவி விரல் வைத்த பெட்டியிலிருந்து செய்தி முகவரின் வங்கிக்கும், நடுவில் பணப் பரிமாற்றம் பார்க்கும் நிறுவனத்துக்கும், ஆதார்ப் பதிவகத்துக்கும், அவருடைய சொந்த வங்கிக்கும் போய்த் திரும்புகிறது. ஒவ்வோரிடத்திலும் கோளாறை ஓர் எண்ணாக்கி அடுத்தவனிடம் தள்ளுகிறார்கள். அந்த எண் ஓர் இயந்திரம் இன்னோர் இயந்திரத்துக்குச் சொல்லுகிற சங்கதி, அதில் தவறில்லை. கடைசியில் மனிதன் முகத்துக்கு நேரே நிற்கிற திரையை எழுதுகிறவன், அதை மனிதப் பேச்சாக மாற்ற வேண்டியவன். அவனோ, வேலை முடிகிற கடைசி நாளில், “இதெல்லாம் எப்போதாவதுதானே வரும்” என்று, வந்த எண்ணை வந்தபடியே ஒட்டிவிட்டுப் போகிறான். எப்போதாவது வருவது அவனுக்கு. தேய்ந்த விரல்காரருக்குத் தினமும் வருகிறது.

இனி, இதை எதிர்த்துச் சொல்லப்படுகிற சமாதானங்களைப் பார்ப்போம். “எண் இல்லாவிட்டால் நிபுணர்கள் எப்படிக் கோளாறைக் கண்டுபிடிப்பார்கள்?” என்கிறார்கள். எண்ணை எடுக்கும்படி யார் சொன்னார்கள்? அடியில் சிறிதாகப் போட்டுக்கொள்ளட்டும். மேலே மனிதனுக்கு, கீழே நிபுணனுக்கு. “எல்லாவற்றையும் விளக்கினால் திருடர்களுக்கு உதவியாகும்” என்கிறார்கள். இதில் ஓரளவு நியாயமுண்டு. ரகசிய எண் கேட்கிற இடத்தில், பெயர் தவறா, எண் தவறா என்று பிரித்துச் சொல்லுவது கள்ளனுக்கு வழிகாட்டும். அங்கே மட்டும் “இரண்டில் ஒன்று தவறு” என்று நிறுத்திக்கொள்ளட்டும். அந்த ஒரு கதவுக்குப் பூட்டு வேண்டுமென்பதற்காக வீட்டின் எல்லா ஜன்னலையும் சுவர் வைத்து அடைப்பானேன்? “பாமர மக்களுக்கு எப்படிச் சொன்னாலும் புரியாது” என்கிறார்கள். இது சுத்த அகம்பாவம். முந்திரி விலை இன்றைக்கு என்ன, எந்த வியாபாரி எடையில் ஏய்ப்பான், எந்த பஸ் எந்த ஊர் வழியாகப் போகும் என்பதெல்லாம் புரிகிறவனுக்கு, “வேறு விரலை வை” என்பது புரியாதா? படிக்கத் தெரியாதவர்களுக்கு அதே செல்போன் வாய்விட்டே சொல்லலாமே! பாட்டுப் பாடுகிற இயந்திரத்துக்கு இரண்டு வரி பேச வராதா?

“தமிழில் சொல்ல முடியாது” என்பது இன்னொரு சமாதானம். தமிழில் அடிப்பதற்கென்றே 1999-இல் தமிழ்99 என்ற விசைப்பலகை வகுத்தாயிற்று. இன்று எந்தச் செல்போனிலும் தமிழ் தெரிகிறது. ஆனால் இதில் நம்மவர்களையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கிறது. தமிழில் போடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, “அமர்வு காலாவதியானது”, “செல்லாத உள்ளீடு”, “அங்கீகாரம் தோல்வியுற்றது” என்று போடுகிறார்களே, இது யாருக்காக? இங்கிலீஷ் தெரிந்தவனுக்கு இது வேண்டியதில்லை. தமிழ் மட்டும் தெரிந்தவனுக்கு இது விளங்குவதில்லை. இங்கிலீஷ் இருட்டை எடுத்துவிட்டுத் தமிழ் இருட்டைக் கொண்டுவந்து வைப்பதற்குப் பெயர் தமிழ்த்தொண்டா? “நெடுநேரம் ஒன்றும் செய்யாததால் பக்கம் மூடிக்கொண்டது, நீங்கள் எழுதினது பதிவாகவில்லை, முதலிலிருந்து தொடங்குங்கள்” என்றால் யாருக்கு விளங்காது? பாஷை தமிழாக இருந்தால் மட்டும் போதாது. பேச்சும் ஜனங்களுடைய பேச்சாக இருக்க வேண்டும்.

கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கின ராஜேந்திரனுடைய ஆட்சியை நாம் புகழ வந்தவர்களல்ல. அவன் காலத்துச் செப்பேடுகள் யாருக்கு எவ்வளவு நிலம் போயிற்று என்பதற்கே சாட்சி. ஆயினும் அவனுடைய திருவாலங்காட்டுச் செப்பேட்டில் ஒரு விஷயத்தைப் பாருங்கள். வம்சப் பெருமையும் வீரப்பிரதாபமும் வடமொழியில் இருக்கின்றன. ஊர் எது, எல்லை எது, யாருக்கு என்ன உரிமை என்கிற பகுதி தமிழில் இருக்கிறது. ஏன்? பெருமை விளங்காவிட்டால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. எல்லை விளங்காவிட்டால் அடுத்த நாளே வயலில் வெட்டும் குத்தும் நடக்கும். காரியமாக வேண்டிய இடத்தில் ஊரார் பாஷை வேண்டுமென்பது ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ராஜாவுக்கே தெரிந்திருந்தது. இன்றைக்கோ முகப்பில் “நல்வரவு” என்பதும், மந்திரிகள் படமும், திட்டத்தின் பெருமையும் அழகான தமிழில் இருக்கின்றன. காரியம் கெட்டுப்போகிற இடத்தில் மாத்திரம் 300, 330, 998! ராஜாவின் வழக்கத்தைக் கூடத் தலைகீழாக்கியல்லவா வைத்திருக்கிறார்கள்!

ஆகவே நாம் கேட்பது இதுதான். ஜனங்கள் முன் வருகிற ஒவ்வொரு பிழைச் செய்தியும் நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். என்ன நடந்தது? என் பணமும், நான் எழுதினதும் பத்திரமாக இருக்கிறதா? கோளாறு என் பக்கமா, உங்கள் பக்கமா? இப்போது நான் என்ன செய்ய வேண்டும், எத்தனை நாள் பொறுக்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும்? இந்த நான்கும் பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் உள்ள தமிழில் இருக்க வேண்டும். எழுதினபின் அதை ஆபீசில் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளாமல், கங்கைகொண்ட சோழபுரம் போன்ற ஓர் ஊரில் பத்துப் பேருக்குக் காட்டி, விளங்குகிறதா என்று கேட்டுவிட்டு வெளியிட வேண்டும். தமிழே ஆட்சிமொழி என்று 1956-ஆம் வருஷம் சட்டம் செய்த நாடு இது. ஆட்சி என்பது இன்று பெரும்பாலும் திரையில்தான் நடக்கிறது. திரைக்கு அந்தச் சட்டம் இல்லையா என்று கேட்கிறோம்.

சர்க்காரும் கம்பெனிகளும் தாமாகச் செய்யுமென்று நாம் காத்திருக்கப் போவதில்லை. வாசகர்கள் இன்றிலிருந்தே செய்யக்கூடியது உண்டு. “எர்ரர்” என்று யாராவது சொன்னால், “என்ன எர்ரர்? திரையைக் காட்டு” என்று கேளுங்கள். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், முடிந்தால் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விரலுக்கு ஆகாவிட்டால் மற்ற விரல்களை வைக்கச் சொல்லுங்கள். கண்ணையும் முகத்தையும் பார்த்துச் சரிபார்க்கும் வழியும் உண்டென்று சொல்லுங்கள். ஆதார் விஷயமானால் 1947 என்ற எண்ணுக்குப் பேசிக் கேளுங்கள். பணம் நின்றுபோனால் வங்கியில் எழுத்து மூலம் கேளுங்கள். சரியான பதில் இல்லையானால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். நம்மில் படித்த இளைஞர்கள் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் இந்த மென்பொருள் எழுதுகிற வேலையிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை: அடுத்த தடவை ஒரு பிழைச் செய்தியை எழுதக் கை வைக்கும்போது, உங்கள் ஊரில் உள்ள உங்கள் ஆயாவை மனத்தில் நிறுத்திக்கொண்டு எழுதுங்கள். அவருக்கு விளங்காததை எழுதுவதற்கா அவர் முந்திரிக்கொட்டை உடைத்து உங்களைப் படிக்கவைத்தார்?

அந்த அம்மாள் அடுத்த மாதமும் அந்தக் கடைக்கு வருவார். இப்போது அவருக்கு இடது கைச் சுண்டுவிரல் தெரியும். கடைப் பையனுக்கும் தெரியும். இனி அந்தப் பெட்டியைக் கும்பிட வேண்டியதில்லை என்பதையும், பணம் வராவிட்டால் “ஏன் வரவில்லை?” என்று அதட்டிக் கேட்கத் தமக்கு உரிமை உண்டென்பதையும் அவருக்கு எடுத்துச் சொல்லவேண்டியது அவ்வூர்த் தோழர்களின் கடமையென்று தெரிவித்துக்கொள்ளுகிறோம்.